புது வீட்டுக்கு எரிசக்தித் திட்டம்: காசு கொடுக்கத் தகுமா?

பள்ளத்தூரில் மகனுக்கு வீடு கட்டுகிறோம். அஸ்திவாரம் தோண்டும் முன்பே காரைக்குடியில் ஒரு சிறு நிறுவனத்திடம் எரிசக்தித் திட்டம், அதாவது கரண்ட் செலவு குறையும்படி வீட்டை அமைக்கும் திட்டம், போடக் கொடுத்தோம்.

"ஆச்சி, பேனலை அப்புறம் பேசுவோம், முதல்ல வெயிலை வெளியே நிறுத்துவோம்" என்றார் அந்த நிறுவனத்துத் தம்பி. எங்கள் ஐயா கட்டிய வளவு வீட்டில் முற்றம் செய்த வேலைதானே அது! மகன் ஆசைப்பட்ட மேற்குக் கண்ணாடிச் சுவரை எடுத்துவிட்டு, நடுவில் சின்ன முற்றமும் மேற்கே தாழ்வாரமும் வைத்தார்கள். தரைக்கு ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் செய்யும் சிமெண்டுத் தரை ஓடு. சூளையில் சுடுவதில்லை; தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதுதான். அதிலும் சிமெண்டு இருக்கிறதே, கார்பன் வெளியேற்றம் இல்லையா என்று மடக்கினேன். உண்டு, ஆனால் சூளை எரிபொருள் மிச்சம் என்றார். கதவும் தூணும் இடித்த வீட்டுத் தேக்கு.

மாடியில் 3 கிலோவாட் சோலார். சுமார் 300 சதுர அடி போதும். நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் வரை வரும். மத்திய அரசின் வீட்டுக்கூரை சோலார் திட்டமான பி.எம். சூர்ய கரில் 78,000 ரூபாய் மானியம். பேனல் மேல் நிழல் விழாதபடி தண்ணீர்த் தொட்டியை வடக்கே தள்ளினார்களே, அதற்கே கொடுத்த காசு தகும்.

அறிக்கை முழுக்க ஆங்கிலம், கொத்தனார் திருதிருவென விழித்தார். கரண்ட் போனால் பேட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடும் என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். நாம் மின்வாரியத்துக்குக் கொடுப்பதையும் அங்கிருந்து எடுப்பதையும் கணக்கிடும் நெட் மீட்டருக்கான விண்ணப்பமும் நம் தலையில்தான்.

கட்டி முடித்த வீட்டுக்கு இவர்களால் பாதிப் பயன்தான். மனை வாங்கிய கையோடு போங்கள்.