டங்ஸ்டன் கனக்கலவையா, டான்டலமா? அதிவேக அடி வாங்கும் கட்டைக்கு எது?

எங்கள் ஆய்வகத்தின் கேஸ் கன்னில் (அழுத்திய வாயுவால் குண்டை அதிவேகமாக ஏவும் கருவி) குண்டு வந்து மோதும் கட்டையை எதில் செய்வது என்று அலசியபோது, கடைசியில் மிஞ்சியவை டங்ஸ்டன் கனக்கலவையும் டான்டலமும்தான். டான்டலத்தை எடுத்தோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

அடர்த்தியில் பெரிய தகராறு இல்லை. கன செ.மீ.க்குக் கலவை 17 முதல் 18.5 கிராம், டான்டலம் 16.6. விலையில் கலவை மலிவு; லேத்திலும் ஒழுங்காகச் சீவிவரும். டான்டலம் டூலில் ஒட்டிக்கொண்டு படுத்தும்.

முடிவைத் தீர்மானித்தது உடையும் விதம். மோதலில் கிளம்பும் அழுத்த அலை, கட்டையின் பின்முகத்தைத் தொட்டதும் அழுத்தத்தை விடுவிக்கும் தளர்வு அலையாகத் திரும்புகிறது. முன்பக்கத்திலிருந்து வரும் இன்னொரு தளர்வு அலையோடு அது சந்திக்கும் இடத்தில், மைக்ரோ விநாடிக் கணக்கில் உலோகம் கடுமையாக இழுபடும். ஸ்பால் என்ற உட்பிளவு அங்கேதான் பிறக்கிறது.

கனக்கலவையில் 90 சதவீதத்துக்கு மேல் டங்ஸ்டன் மணிகள். நிக்கலும் இரும்பும் அவற்றைப் பிணைத்திருக்கும். உடைந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள்: மணிகள் கண்ணாடிச் சில்லுபோல் தட்டையாகப் பிளந்திருக்கும், இடையிலுள்ள பிணைப்பு மட்டும் குழிகுழியாக இழுபட்டிருக்கும். மணியும் மணியும் நேராக ஒட்டும் இடங்களே பலவீனம். விரிசல் அங்கே தொடங்கிவிட்டால் அடுத்த மணிக்குத் தாவ நேரமே பிடிக்காது.

டான்டலத்தின் குறுக்குவெட்டில் தெரிவது வேறு. நுண்ணிய உருண்டைத் துளைகள் வரிசையாகத் தோன்றி, பெருத்து, ஒன்றோடொன்று சேர்ந்தால்தான் பிளவு. துளைகளைச் சுற்றிய உலோகம் நெளிந்து ஆற்றலை விழுங்குகிறது. அடி மிதமாக இருந்தால் துளையோடு நின்றுவிடும். கட்டை ஒரே துண்டாகக் கையில் கிடைக்கும், வெட்டிப் பார்க்கலாம். எனக்கு இதைவிட வேறு காரணம் தேவைப்படவில்லை.

2015இல் செர்ன் என்ற ஐரோப்பிய துகள் இயற்பியல் ஆய்வகத்தில், கற்றை மோதலைச் சோதிக்கும் ஹைராட்மாட் கூடத்தில் இரிடியம், டங்ஸ்டன், மாலிப்டினம், டான்டலம் கம்பிகள்மேல் 440 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் புரோட்டான் கற்றையைப் பாய்ச்சினார்கள். அங்கேயும் விரிசலின்றித் தாக்குப்பிடித்தது டான்டலம்தான்.

சூடான நிலையில் எங்கள் அனுபவம் குறைவு. டங்ஸ்டன் சூடேறினால் வளைந்துகொடுக்கும் என்பதால் அங்கே இடைவெளி சுருங்கலாம். பின்முகத்தில் இன்னொரு கனமான கட்டையை ஒட்டி அலையை வெளியே கடத்திவிட முடிந்தாலும் கலவை போதும், பணமும் மிச்சம். டான்டலம்தான் என்றால், அனீல் செய்த (சூடாக்கி மென்மையாக்கிய) தகடாகக் கேளுங்கள். சான்றிதழில் ஆக்சிஜன் அளவைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். ஆக்சிஜன் ஏறிய டான்டலமும் நொறுங்கத்தான் செய்யும்.