கிர்லியன் போட்டோ கிட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கேமரா வேண்டாம், உயர் மின்னழுத்தம் போதும், இலையையும் நாணயத்தையும் ஒளிவட்டத்தோடு படமெடுக்கலாம் என்று இணையத்தில் ஒரு கிட் விற்கிறார்கள். எங்கள் புகைப்படக் குழுவுக்கு வந்த பெட்டியில் இருந்தவை: உருளை வடிவ மின்னழுத்த மாட்யூல், 5 மி.மீ. அக்ரிலிக் தகடு, செப்புத் தகடு, 'போட்டோ பேப்பர்' ஒரு கட்டு. இதில் உருப்படியானது செப்புத் தகடு மட்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, 'ஒருமுறை கரண்ட் கொடுத்துவிட்டால் ரிட்டர்ன் கிடையாது' என்று முடித்துவிட்டார்கள்.

மாட்யூலின் மேல் 400 கிலோவோல்ட் என்று ஒட்டியிருக்கிறது. காற்று மி.மீ.க்குச் சுமார் 3 கிலோவோல்ட்டில் உடையும். 400 இருந்தால் பொறி 13 செ.மீ.க்கு மேல் தாவ வேண்டும். இது 1 செ.மீ.யில் நின்றுவிடுகிறது. அதாவது அதிகபட்சம் 30 கிலோவோல்ட். அந்தப் பொய்யைக்கூட மன்னிக்கலாம், இந்த வேலைக்கு 20, 30 கிலோவோல்ட் தாராளம். மன்னிக்க முடியாதது, வெளியே வருவது ஒரே திசையில் பாயும் டிசி என்பது. மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டயோடை உள்ளேயே வைத்து அடைத்திருக்கிறார்கள்.

டிசி கண்ணாடியையோ அக்ரிலிக்கையோ தாண்டிப் பாயாது. சுவிட்சைப் போட்டதும் நாணயத்தைச் சுற்றி ஒரே ஒரு மின்னல் வெட்டு. தகட்டின் மேற்பரப்பில் மின்னூட்டம் ஏறிக்கொண்டதும் எல்லாம் இருட்டு. உண்மையான போட்டோ தாளை வைத்தாலும் அதில் விழுவது கிளை பரப்பிய ஒரு கோலம். அது ஜெர்மன் இயற்பியலாளர் லிச்சன்பெர்க் 1777-இல் கண்ட உருவம். அழகானதுதான், ஆனால் விளம்பரத்தில் காட்டிய ஒளிவட்டம் அதுவல்ல. 1939-இல் சோவியத் நாட்டின் கிராஸ்னதாரில் செம்யோன் கிர்லியனும் மனைவி வலென்தினாவும் தொடங்கிய முறைக்கு உயர் அதிர்வெண்ணில் திசை மாறும் மின்சாரமோ, விட்டுவிட்டு வரும் துடிப்போ தேவை. டிசியில் இன்னொரு ஆபத்தும் உண்டு: செப்பு, அக்ரிலிக், நாணயம் மூன்றும் சேர்ந்து ஒரு கெபாசிட்டராகிவிடும். சுவிட்சை அணைத்த பிறகு நாணயத்தை எடுக்கப் போனால் ஷாக் அடிக்கும். முதலில் ஒயரால் செப்புத் தகட்டையும் நாணயத்தையும் ஷார்ட் செய்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பழைய டிவியின் உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மரான ஃப்ளைபேக்கை வாங்குகிறவர்களும் இதைக் கவனியுங்கள்: பிந்தைய மாடல்கள் பெரும்பாலானவற்றில் டயோடு உள்ளேயே இருக்கும்.

பேப்பர் அதைவிட மோசம். வந்தது பிரின்டருக்கான இங்க்ஜெட் தாள். ஒளி பட்டு எதுவும் பதியாது. உண்மையான வெள்ளி உப்புத் தாள் ஒளி புகாத கறுப்பு உறையில்தான் வரும். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டை வெயிலில் வையுங்கள், சில நிமிடங்களில் நிறம் மாறிக் கருக்க வேண்டும். எங்களுக்கு வந்தது வெள்ளைவெளேரென்றே கிடந்தது.

புகார் செய்தபோது கிடைத்த யோசனைதான் இந்தப் பதிவுக்கே காரணம்: 'மைக்ரோவேவ் அவன் டிரான்ஸ்ஃபார்மரைப் போடுங்கள்.' தயவுசெய்து போடாதீர்கள். அது 2000 வோல்ட் அளவில் அரை ஆம்பியருக்கு மேல் கொடுக்கும். தொட்டால் பிழைப்பது அரிது. அதைக் கொண்டு மரப்பலகையில் மின்னல் கோலம் எரிக்கப் போய்ப் பலர் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மரக்கடைசலாளர் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அந்த முறையையே தடை செய்திருக்கிறது.

செய்தே பார்க்க வேண்டுமென்றால் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் கார் இக்னிஷன் காயில் போதும். 12 வோல்ட் பேட்டரி, துடிப்பு உண்டாக்கும் 555 டைமர் ஐசியில் 100 முதல் 200 ஹெர்ட்ஸ், காயிலை ஆன்-ஆஃப் செய்ய இக்னிஷனுக்கென்றே வரும் ஐஜிபிடி டிரான்சிஸ்டர். காயில் திருப்பி அடிக்கும் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு அந்த வகை ஐஜிபிடியின் உள்ளேயே இருக்கும்; சாதாரண ஐஜிபிடி என்றால் அதில் போய்விடலாம். காயிலின் உயர் மின்னழுத்த முனையைச் செப்புத் தகட்டில் இணையுங்கள். செப்புத் தகட்டுக்கு மேல் 2 மி.மீ. கண்ணாடி, கண்ணாடி எல்லாப் பக்கமும் 3 செ.மீ.யாவது கூடுதலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பொறி ஓரத்தைச் சுற்றிக்கொண்டு வரும். அதன் மேல் சிவப்பு விளக்கில் கறுப்பு-வெள்ளைத் தாள், ஒளி உணரும் மருந்துப் பக்கம் மேலே. அதன் மேல் நாணயம். நாணயத்திலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒயர். விளக்கை அணைத்து 2 முதல் 5 விநாடி. டெவலப் செய்த படம் முழுக்கக் கருத்தால் நேரத்தைக் குறையுங்கள். ஓசோன் வாடை வரும், எடுத்து முடித்ததும் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். விரலை வைக்கவே வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அறைக்குள்ளேயே வரக் கூடாது.

கிட்டோடு கூடவே ஒரு கையேடு: நிறத்தைப் பார்த்து நோய் சொல்லலாமாம். 1976-இல் சயன்ஸ் இதழில் பெஹெக், கைலர், ஃபவுஸ்ட் மூவரும் காட்டியது, உயிருள்ளவற்றில் இந்தப் படம் மாறுவதற்கு முக்கியக் காரணம் ஈரம் என்று. ஒரே இலையை வாட வாட எடுத்துப் பாருங்கள், ஒளி குறைந்துகொண்டே வரும்; நனைத்த டிஷ்யூ பேப்பரும் ஒளிரும். கலர் ஃபிலிமில் தெரியும் சிவப்பு, பெரும்பாலும் ஃபிலிம் சற்றே எழும்பி அதன் பின்பக்கம் பொறி பாய்ந்ததால் வருவது. வெட்டிய இலை முழுதாகத் தெரிகிறது என்ற படத்தையும் கையேட்டில் போட்டிருக்கிறார்கள். முழு இலையை வைத்த அதே கண்ணாடியில், துடைக்காமல், வெட்டியதை வைத்தால் ஈரத்தடம் அப்படிப் பதியும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு எடுத்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவுட்புட் ஏசியா டிசியா, தாள் எந்த உறையில் வரும் என்பதையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.