ரூலெட்: ஒற்றைப் பூஜ்யமா, இரட்டைப் பூஜ்யமா?

லாஸ் வேகஸில் ரூலெட் ஆடப் போகிறவர், எந்த எண்ணில் பணம் வைப்பது என்று யோசிக்கும் முன் எந்த மேசையில் உட்காருவது என்று முடிவு செய்தாக வேண்டும். நான் ஒற்றைப் பூஜ்ய மேசையைத் தேர்ந்தெடுத்தேன். இனிமேலும் அதைத்தான் தேடிப் போவேன்.

ஆட்டம் எளிது. சுழலும் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், அதில் விடும் பந்து எதில் விழும் என்பதுதான் பந்தயம். பாதி சிவப்பு, பாதி கறுப்பு. தனி எண்ணில் பணம் வைத்து அதில் பந்து விழுந்தால் ஒன்றுக்கு 35 கிடைக்கும். சிவப்பு, கறுப்பு, ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று வைத்தால் ஒன்றுக்கு ஒன்று. இரு மேசைகளிலும் இது ஒன்றுதான். வேறுபாடு பச்சைக் குழியில் இருக்கிறது: ஐரோப்பியச் சக்கரத்தில் 0 மட்டும், அமெரிக்கச் சக்கரத்தில் 0, 00 இரண்டும். பூஜ்யமே இல்லாததுபோல் பணம் கொடுக்கிறார்களே, அங்கேதான் கேசினோ பிழைக்கிறது. நூறு டாலர் பணயத்துக்குச் சராசரி இழப்பு முதலாவதில் 2.70 டாலர், இரண்டாவதில் 5.26. சூதாட்ட விடுதி நடத்திய பிளாங்க் சகோதரர்கள் 1843-ல் ஜெர்மனியின் பாட் ஹோம்புர்கில் ஒற்றைப் பூஜ்யத்தைக் கொண்டுவந்ததும் பெருந்தன்மையால் அல்ல. போட்டி விடுதிகளின் வாடிக்கையாளர்களை இழுக்கத்தான்.

அப்படியானால் யோசிக்க என்ன இருக்கிறது? குறைந்தபட்சப் பணயம் இருக்கிறது. வேகஸில் ஒற்றைப் பூஜ்ய மேசைகளில் அது பெரும்பாலும் அதிகம். இரட்டைப் பூஜ்ய மேசையில் 15 டாலர், ஒற்றையில் 50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்குச் சராசரி இழப்பு அங்கே 79 சென்ட், இங்கே 1.35 டாலர். சதவீதத்தில் மலிவானது கையிருப்பில் விலை கூடிவிடுகிறது! குறைந்தபட்சம் ஏறக்குறைய இரு மடங்குக்குள் இருந்தால்தான் ஒற்றைப் பூஜ்யம் மலிவு.

இந்தக் கணக்கைப் புரட்டிப்போடும் விதி ஒன்று உண்டு: லா பார்ட்டாஜ். பந்து பூஜ்யத்தில் விழுந்தால், சிவப்பு, கறுப்பு போன்ற சரிபாதிப் பணயங்களில் பாதியைத் திருப்பித் தருவார்கள். இழப்பு 1.35 சதவீதமாகக் குறையும். 50 டாலருக்கு 68 சென்ட்தான். பெரிய பணயமும் சிறியதைவிட மலிவாகிவிடுகிறது. சில ஒற்றைப் பூஜ்ய மேசைகளில்தான் இது உண்டு. உட்காரும் முன் டீலரிடம் கேட்டுவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆனால் 50 டாலர் ஆட்டத்தில் ஏற்ற இறக்கமும் பெரிது. தொடர்ந்து நாலு முறை தோற்றால் 200 டாலர் போய்விடும். அதைத் தாங்கும் பணம் இல்லாதவருக்கு என் பரிந்துரை பொருந்தாது.

மொனாக்கோவின் மாண்டே கார்லோ போன்ற இடங்களில் நான் ஆடியதில்லை. இங்கே சொல்வதெல்லாம் வேகஸுக்கு மட்டும்.

இரு வகை மேசைகளிலும் ஆளுக்கொரு நிறத்தில் சிப் (பணத்துக்குப் பதிலான வில்லை) கொடுப்பார்கள், யாருடைய பணயம் எது என்ற சச்சரவு எழாது. இரட்டைப் பூஜ்ய மேசையில் கூட்டம் கலகலப்பாக இருக்கும். அங்கே உட்கார நேர்ந்தால் 0, 00, 1, 2, 3 ஆகிய ஐந்தையும் சேர்த்து வைக்கும் பணயத்தை மட்டும் தொடாதீர்கள். அதில் இழப்பு 7.89 சதவீதம். மூன்று பூஜ்யச் சக்கரம் கண்ணில் பட்டால் நிற்காமல் நடையைக் கட்டுங்கள்.