ஃபில்டர்-ரெப்போவும் வெற்று கமிட்டும்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை, அதன் எடைமேடைக் கணக்கு மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் செய்த எடைச்சீட்டுகளை ‘சீட்டு’ ஃபோல்டரில் போட்டு சீசன் முழுக்க கமிட் செய்ததில் (கிட்டில் மாற்றத்தைப் பதிவதுதான் கமிட்) ரெப்போ, அதாவது கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் களஞ்சியம், பெருத்துவிட்டது. ஃபோல்டரை வரலாற்றிலிருந்தே எடுத்தால், சீட்டை மட்டும் தொட்ட கமிட்டுகள் வெறும் கூடாக மிஞ்சும். அந்தக் கூடுகளை என்ன செய்கிறது என்பதில்தான், வரலாற்றைத் திருத்தி எழுதும் கருவியான கிட் ஃபில்டர்-ரெப்போவின் தரம் தெரிகிறது.

இதே வேலைக்கான பழைய கட்டளை ஃபில்டர்-பிராஞ்ச். அதில் வெற்று கமிட்டை நீக்கும் ‘--ப்ரூன்-எம்ப்டி’ கொடுத்தால், பெங்களூரா மாம்பழக் கொள்முதல் தொடங்கிய நாளைக் குறிக்க ‘--அலோ-எம்ப்டி’ என்று வேண்டுமென்றே போட்ட கமிட்டும் கூடோடு சேர்ந்து போய்விடும். கிளைகளை இணைக்கும் மெர்ஜ் கமிட்டுகளோ தேவையில்லாமல் நின்றுவிடும். ஃபில்டர்-ரெப்போவில் இயல்பு நிலை ‘ஆட்டோ’: திருத்தியதால் வெறுமையானதை நீக்கும், முதலிலேயே வெறுமையாக இருந்ததை விட்டுவைக்கும். ஒரு பக்கக் கிளை முழுதும் காலியாகி அர்த்தமிழந்த மெர்ஜையும், அதில் வேறு கோப்பு மாற்றம் இல்லையென்றால், சுத்தம் செய்யும். நல்ல முடிவு இது.

ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. வேண்டுமென்றே போட்ட வெற்று கமிட்டின் தாய் கமிட் (அதற்கு நேர் முந்தையது) நீக்கப்பட்டால், ‘ஆட்டோ’ அதையும் நீக்கிவிடும். சீட்டு கமிட்டை ஒட்டி அடையாளக் கமிட் போட்டிருந்தால் அது போச்சு. நிறுத்திக் கேட்காது, இதுதான் இந்தக் கருவியின் பெரிய குறை. ஓட்டிய பிறகு ‘.கிட்/ஃபில்டர்-ரெப்போ/கமிட்-மேப்’ கோப்பைத் திறந்து பாருங்கள்: புதிய ஹேஷ் (கமிட்டின் அடையாளக் குறியீடு) இருக்க வேண்டிய இடத்தில் முழுக்கப் பூஜ்யம் என்றால் அந்தக் கமிட் இல்லை. வேண்டியது தொலைந்திருந்தால், புது குளோனில் (ரெப்போவின் முழு நகலில்) ‘--ப்ரூன்-எம்ப்டி நெவர்’ கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். கூடுகளும் நிற்கும், பரவாயில்லை.

கட்டளை இவ்வளவுதான்: ‘கிட் ஃபில்டர்-ரெப்போ --பாத் சீட்டு/ --இன்வெர்ட்-பாத்ஸ்’. புது குளோனில் மட்டுமே ஓடும். ‘--ஃபோர்ஸ்’ போட்டு அதை மீறாதீர்கள்.

கடைசிப் பத்துக் கமிட்டைத் திருத்த இது வேண்டாம், கமிட்டுகளை மறுபடி அடுக்கும் ‘கிட் ரீபேஸ்’ போதும். சாதா ரீபேஸ் வெறுமையானதைத் தானே கைவிடும். ‘-ஐ’ (இன்டராக்டிவ்) போட்டால் நின்று கேட்கும். வேண்டாமென்றால் ‘--ஸ்கிப்’. வேண்டுமென்றால் ‘கிட் கமிட் --அலோ-எம்ப்டி’, பிறகு ‘--கன்டின்யூ’.

ஃபில்டர்-ரெப்போ முடிந்ததும் ‘ஆரிஜின்’ ரிமோட், அதாவது குளோன் எடுத்த மூல ரெப்போவின் முகவரி, காணாமல் போயிருக்கும். அது பாதுகாப்புக்காகச் செய்வது. திரும்பச் சேர்த்து ஃபோர்ஸ் புஷ் செய்த (அங்கிருக்கும் பழைய வரலாற்றின் மேல் புதியதை ஏற்றிய) பின், குழுவில் எல்லோரும் புதிதாக குளோன் எடுக்க வேண்டும். யாராவது பழைய குளோனில் மெர்ஜ் செய்து புஷ் பண்ணினால், நீக்கிய சீட்டு மொத்தமும் திரும்பி வந்துவிடும்.