பிரஷர் வாஷர்ல மாட்டித் துரு எடுக்கிற மணல் அட்டாச்மென்ட் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்ங்க

காங்கேயம் பக்கம் எங்க தோட்டத்துல அப்பாரு காலத்து டிராக்டர் டிரெய்லர் ஒன்னு நிக்குதுங்க. ஆட்டெருவும் தேங்காயுமா ஏத்தி ஏத்தி அடித்தகடு பூரா துரு. சாண்ட் பிளாஸ்டிங், அதாவது மணலை வேகமா அடிச்சுத் துரு எடுக்கறதுக்குப் பட்டறையில கேட்ட கூலி கட்டுபடியாகல. மாட்டுக்கொட்டாய் கழுவுற பிரஷர் வாஷர் வீட்லயே இருக்கு, அதுல மாட்டுற மாதிரி மணல் அட்டாச்மென்ட் கிடைக்குதுன்னு கேள்விப்பட்டுக் கோயமுத்தூர்ல ஒரு கடைக்குப் போனேன்.

வாஷர் லேபிளை போட்டோ எடுத்துட்டுப் போய்த்தான் காட்டினேன். 1,800 வாட்ஸ், தண்ணி அழுத்தம் 135 பார், நிமிஷத்துக்கு 7 லிட்டர் தண்ணி. “135 பார் தாராளம்ங்ணா, தைரியமா எடுத்துட்டுப் போங்க. நாசில் டங்ஸ்டன் கார்பைடு, தேயவே தேயாது. எம்-சாண்டே போதும். தண்ணியோட வர்றதால தூசி பறக்காது, மாஸ்க்கெல்லாம் வேண்டாம்”னு கடைக்காரர் அடிச்சுச் சொன்னார். அதுல ஒன்னுகூட நெசமில்லைங்க. 2,400 ரூபா. பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்னு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தார். நானும் வாங்கிட்டு வந்துட்டேன், அது என் தப்பு.

இதுல மணலைத் தள்ளறதுக்குத் தனி மோட்டார் கிடையாது. தண்ணி பீச்சற வேகத்துல உண்டாகிற இழுவைதான் பக்கெட்டுல இருக்கிற மணலைக் குழாய் வழியா உறிஞ்சணும். அதுக்கு பார் மட்டும் இருந்தாப் பத்தாது, தண்ணியும் அளவா வரணும். எங்க மிஷின்ல ஒரு சாண் அகலத்துக்குத் தகடு வெளுத்துச்சு, அவ்வளவுதான். இழுவை குறைஞ்சு, தண்ணி திரும்பி மணல் குழாய்க்குள்ள இறங்கிடுச்சு. உள்ள இருக்கிறது வெளிய தெரியற குழாய்ங்கறதால கண்ணால பார்த்தேன்: எம்-சாண்ட்ல இருக்கிற மாவுத்தூள் தண்ணியில ஊறி, கேப்பைக் களி மாதிரி இறுகி நின்னுது. கழட்டி, கம்பி விட்டுக் குத்தி, வெயில்ல காயவெச்சு, மறுபடி மாட்டி... பொழுது போறவரைக்கும் இதே வேலை.

சாயங்காலம் நாசிலைக் கழட்டினா, வட்டமா இருந்த ஓட்டை கோழிமுட்டை மாதிரி நீண்டு, உள்ள மஞ்சளா மின்னுது. லேத் பட்டறை அண்ணன்கிட்ட காட்டினேன். அரத்தை வெச்சு ஒரு இழு இழுத்தார், கோடு விழுந்துடுச்சு. “இது பித்தளைங்க தம்பி, மேல முலாம். கார்பைடா இருந்தா அரம் வழுக்கிட்டுப் போகும்”னார்.

எனக்கு வயிறு எரிஞ்சது அதுக்கப்புறம்தாங்க. அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தா, கடையோட விலை ஸ்டிக்கர் ஒன்னு கோணலா ஒட்டியிருந்துச்சு. நகத்தால உரிச்சேன். அடியில, தண்ணி நிமிஷத்துக்குக் குறைஞ்சது 11 லிட்டர் வேணும்னு அச்சடிச்சிருக்கு. போன் பண்ணிக் கேட்டா, “மணல் ஈரமா இருந்திருக்கும், வித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்”.

அதோட விடலை. எங்க போர் தண்ணி உப்புத் தண்ணி. விடிஞ்சு பார்த்தா, வெளுத்த அந்த ஒரு சாண் இடத்துலயும் செங்காவி நிறத்துல புதுத் துரு பூத்திருந்துச்சு. வெறும் இரும்புல ஈரம் நின்னா சில மணி நேரத்துலயே இப்படி ஆகும். உப்புத் தண்ணின்னா இன்னும் சீக்கிரம். நல்ல தண்ணியில அலசி, உடனே காத்தடிச்சு உலர்த்தி, கையோட பிரைமர் அடிக்கணும்னு கடையில ஒரு வார்த்தை சொல்லலை.

இன்னொன்னு, இதைத் தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க. ஈரத்துல தூசி குறையும், இல்லாமப் போகாது. தோட்டத்து வீட்டு முன்னாடி சிந்தின சேறு காஞ்ச பிறகு அம்மா சீமாத்துல கூட்டினாங்க; புகை மாதிரி எந்திரிச்சுது. எம்-சாண்ட்ல சிலிக்கா இருக்கு. அந்தத் தூள் நுரையீரல்ல படிஞ்சு வர்ற சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஓடிப் போய் நிறுத்தி, தண்ணி தெளிச்சு அள்ளினோம். துணி கட்டிக்கிட்டாப் பத்தாது, சரியான டஸ்ட் மாஸ்க்கும் கண்ணாடியும் வேணும்.

வாங்கித்தான் ஆகணும்னா, பெட்டியில போட்டிருக்கிற லிட்டர் கணக்கை உங்க மிஷின் லேபிளோட ஒப்பிட்டுப் பாருங்க, ஸ்டிக்கரை உரிச்சுட்டுப் பாருங்க. எம்-சாண்டுக்குப் பதிலா, சலிச்சுக் காயவெச்ச கார்னெட்ங்கற கனிம மணல் கேளுங்க. நாசில்ல அரத்தை ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்க, தயங்கினாங்கன்னா வெளிய வந்துடுங்க. பில் இல்லாம எதையும் தொடாதீங்க.

ஜிபே-ல பணம் கட்டின விவரம், துண்டுச் சீட்டு, ஸ்டிக்கர் உரிச்ச போட்டோ மூணையும் வெச்சு 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சிருக்கேன். டிரெய்லருக்கு கிரைண்டர்ல கம்பி பிரஷ் போட்டு ஒரு பக்கம் தேய்ச்சு ரெட் ஆக்சைடு அடிச்சாச்சு. மறுபக்கம் இந்த ஞாயித்துக்கிழமை.