எந்த மாத்திரை யாருக்கு? மனச்சோர்வு, பதற்ற மருந்துகள் ஓர் ஒப்பீடு

மனச்சோர்வோ பதற்றமோ என்று போனால், டாக்டர் தரும் சீட்டில் பல நேரம் இரண்டு வரி இருக்கும். காலையில் எஸ்சிடலோப்ராம் 5 அல்லது 10 மி.கி., இரவில் குளோனசெபம் 0.25 அல்லது 0.5 மி.கி. இரண்டையும் ஒரே மாத்திரையாகக் கலந்தும் விற்கிறார்கள். வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: தூக்க மாத்திரை. அங்கேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது.

குளோனசெபம் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் படபடப்பு அடங்கும், தூக்கம் வரும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமான எஸ்சிடலோப்ராம் அப்படியில்லை. முதல் வாரத்தில் குமட்டலும் தலைவலியும்தான் வரும். சிலருக்குப் பதற்றம் கொஞ்சம் கூடவும் செய்யும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுசாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். இதை யாரும் சொல்லாமல் அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? பத்தாம் நாள், ‘கேட்காத’ மாத்திரையை நிறுத்திவிட்டு, ‘கேட்கிற’ மாத்திரையை மட்டும் பழைய சீட்டைக் காட்டி வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

செய்ய வேண்டியதற்கு நேர்மாறு இது. மனச்சோர்வைக் குணப்படுத்தும் வேலை குளோனசெபத்துக்குக் கிடையாது. முதல் சில வாரங்களைத் தாண்ட ஒரு துணை, அவ்வளவுதான். மாதக்கணக்கில் போட்டால் பழகிப்போய், அதே தூக்கத்துக்கு டோஸைக் கூட்டக் கேட்கும். வயதானவர்கள் என்றால் இரவில் எழுந்து தடுமாறி விழும் ஆபத்தும் உண்டு. “பழக்கமாகிடுமா டாக்டர்?” என்று எஸ்சிடலோப்ராமைக் காட்டிக் கேட்கிறோம், கேட்க வேண்டியது குளோனசெபத்தைக் காட்டி. எஸ்சிடலோப்ராமுக்கு ஏக்கம் வராது. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு வெட்டு எல்லாம் வரும். இரண்டில் எதையும் டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எஸ்சிடலோப்ராமின் குடும்பத்திலேயே செர்ட்ரலின், ஃப்ளூவாக்சிடின், பராக்சிடின் இருக்கின்றன. செர்ட்ரலின் வயிற்றைக் கொஞ்சம் கலக்கும்; ஆனால் பாலூட்டும் தாய்மாருக்கும் இதய நோயாளிகளுக்கும் டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் நினைப்பது இதைத்தான். அமெரிக்காவில் 1987-இல் அனுமதி பெற்ற ஃப்ளூவாக்சிடின் உடலில் நாள்கணக்கில் தங்கும். அதனால் ஒரு வேளை மறந்தாலும் பெரிதாகத் தெரியாது. பராக்சிடின் நேர் எதிர்: உடலை விட்டுச் சீக்கிரம் போய்விடும், நிறுத்துவதும் சிரமம், எடையும் கூடலாம். அவசியம் இல்லாமல் முதல் தேர்வாக இதை நான் நினைக்க மாட்டேன்.

இந்தக் குடும்பத்துக்கே பொதுவான ஒரு தொந்தரவை நோயாளியும் சொல்வதில்லை, டாக்டரும் கேட்பதில்லை: தாம்பத்திய ஆர்வம் குறைவது, உச்சம் தாமதமாவது. மாத்திரையைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துகிறவர்களில் பலருக்குக் காரணம் இதுவாகவே இருக்கும் என்பது என் சந்தேகம். வாய்விட்டுச் சொன்னால் வழி இருக்கிறது. வேறு வகை மனச்சோர்வு மருந்தான மிர்டாசபினில் இந்தத் தொந்தரவு குறைவு. இரவில் போடும் மாத்திரை அது. தூக்கமும் பசியும் தரும். சாப்பாடே இறங்காமல், விடிய விடிய விழித்து, மெலிந்து போனவருக்கு அது வரம். ஏற்கெனவே சர்க்கரையும் எடையும் ஏறியவருக்கு அதே குணம் தொல்லை. பூப்ரோபியானிலும் தாம்பத்தியத் தொந்தரவு குறைவுதான், எடையும் ஏறாது. ஆனால் பதற்றத்துக்கு அவ்வளவாக உதவாது, வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது.

அமிட்ரிப்டிலின் 1960-களின் மருந்து, விலையும் குறைவு. நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் 10 மி.கி. அளவில் இன்றும் எழுதுகிறார்கள். மனச்சோர்வுக்கு வேண்டிய அளவுக்கு ஏற்றினால் வாய் வறளும், மலம் கட்டும். அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். தற்கொலை எண்ணம் உள்ளவர் இருக்கும் வீட்டில் இதை அட்டை அட்டையாக வாங்கி வைக்கக் கூடாது.

இதில் வீரியமானது எது என்று கேட்டால் பதில் சப்பென்றுதான் இருக்கும். 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய அலசல், 522 ஆய்வுகளைச் சேர்த்து 21 மருந்துகளை ஒப்பிட்டது. எல்லாமே, ஒப்பீட்டுக்காகத் தரும் மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேல். தங்களுக்குள் வித்தியாசம் பெரிதாக இல்லை. ஆகவே எந்தப் பக்கவிளைவை உங்களால் தாங்க முடியும் என்பதுதான் பெரும்பாலும் தேர்வைத் தீர்மானிக்கிறது.

அதற்கு டாக்டரிடம் முதல் நாளே சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுகடந்த உற்சாகத்தில் திரிந்ததுண்டா? அது இருமுனை நோய் என்றால் இந்த மாத்திரைகள் மட்டும் தனியாகப் போய் நிலைமையைக் கிளறிவிடும். ஆஸ்பிரினோ மூட்டுவலி மாத்திரையோ போடுகிறவருக்கு எஸ்சிடலோப்ராம் குடும்பத்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். டிரமடால் என்ற வலி மாத்திரை சேர்ந்தால் வேறு ஆபத்து. வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர் என்றால், முதல் வாரங்களிலும் டோஸ் மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று வீட்டில் ஒருவர் கவனிக்க வேண்டும். அப்படித் தெரிந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள்.