கைத்தடியா, நாலுகால் தடியா, வாக்கரா?

அம்மாவுக்கு வயது 76. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், வலது பக்கம் கொஞ்சம் அதிகம். வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். சுவர் முடிகிற இடத்தில் பீரோ, பீரோ முடிகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. ஒருநாள் அந்த நாற்காலி அவரோடு சேர்ந்தே சாய்ந்துவிட்டது. நல்லவேளை, கட்டில் மேல் விழுந்தார். அன்று சாயங்காலமே ஓடிப்போய் ஒரு வாக்கர் வாங்கி வந்தேன். “பெரியவங்களுக்கு இதுதான் சார் சேஃப்டி” என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தால், எங்கள் குளியலறைக் கதவுக்குள் அது நுழையவில்லை. வீட்டிலேயே அதிகமாக வழுக்குகிற இடம் அதுதான்.

அப்புறம்தான் பிசியோதெரபிஸ்ட்டிடம் போய் உட்கார்ந்து, எது யாருக்கு என்று விவரமாகக் கேட்டுக்கொண்டேன். அங்கே தெரிந்துகொண்டதும், இந்த ஒரு வருடத்தில் அம்மா நடப்பதைப் பார்த்துப் புரிந்துகொண்டதும்தான் இங்கே எழுதுவது.

முதலில் சாதாரணக் கைத்தடி. ஒரு பக்க முட்டியோ இடுப்போ வலிக்கிறது, நடையில் லேசான தள்ளாட்டம், ஆனால் கைப்பிடி உறுதியாக இருக்கிறது என்றால் இதுவே போதும். படி ஏறலாம், பஸ்ஸில் போகலாம், குறுகலான கதவிலும் பிரச்சினை இல்லை. விலையும் மூன்றிலும் இதுதான் குறைவு. ஆனால் மூன்றிலும் அதிகமாகத் தப்பாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான்.

உயரத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தா வைத்திருந்த தடியைப் பாட்டிக்குக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். தாத்தா ஐந்தரை அடி, பாட்டி நாலே முக்கால் அடி. தடி உயரமாக இருந்தால் தோள்பட்டை தூக்கிக்கொண்டு நிற்கும், குட்டையாக இருந்தால் கூன் விழும். அளவெடுப்பது சுலபம். வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள், கை தளர்வாகத் தொங்கட்டும். மணிக்கட்டில் மடிப்பு விழும் இடமும் தடியின் கைப்பிடியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பிடித்து ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்கும். பட்டனை அழுத்தி உயரம் மாற்றுகிற அலுமினியத் தடி வாங்கினால் இந்தக் கவலையே இல்லை.

அடுத்தது, எந்தக் கையில் பிடிப்பது? வலது கால் வலித்தால் வலது கையில்தான் எல்லாரும் பிடிக்கிறார்கள். அம்மாவும் அப்படித்தான் பிடித்தார். பிசியோதெரபிஸ்ட் தடியை வாங்கி இடது கையில் கொடுத்து, “அம்மா, இந்தத் தடியும் உங்க வலது காலும் ஒண்ணா முன்னாடி போகணும்” என்றார். இயல்பாக நடக்கும்போதே வலது காலோடு இடது கைதானே முன்னால் வீசுகிறது? வலிக்கிற காலில் இறங்கும் பாரத்தை எதிர்ப்பக்கத் தடி பங்குபோட்டுக்கொள்ளும். அம்மாவுக்குப் பிடிபட நாலு நாள் ஆனது. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். ஒரு கையில் தடி என்றால் மறு கையில் கைப்பிடிச் சுவர்.

தடியின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை யாரும் திருப்பிப் பார்ப்பதே இல்லை. அதில் வளையம் வளையமாக வரிகள் இருக்கும், டயரில் இருப்பது போல. அது தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டால் ஈர டைல்ஸில் தடி சறுக்கிக்கொண்டு போகும். புது புஷ் மலிவுதான், மாற்றிவிடுங்கள். குடையை ஊன்றி நடக்கும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாகிவிடுகிறது. அந்தக் கம்பி முனைக்கு டைல்ஸ் தரையில் பிடிமானமே கிடையாது.

நாலுகால் தடிக்கு ஒரு பெரிய வசதி, தானாக நிற்கும். கதவைப் பூட்டவோ விளக்கேற்றவோ கையை எடுத்தால் தடி கீழே விழாது, அதை எடுக்கக் குனியவும் வேண்டாம். பக்கவாதம் வந்து ஒரு கை பலவீனமானவர்களுக்கு இது நல்ல துணை. வாக்கருக்கு இரண்டு கையும் வேண்டும், இதற்கு ஒன்று போதும். சிக்கல் என்னவென்றால், நாலு காலும் ஒரே நேரத்தில் தரையில் பதிய வேண்டும். மேடு பள்ளமான தெருவில் இரண்டு கால் மட்டும் ஊன்றி ஆடும். கொஞ்சம் வேகமாக நடப்பவருக்குத் தடியின் காலே தட்டிவிடும். அகலமான பக்கம் வெளியே, தட்டையான பக்கம் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். கடையில் திருப்பிப் பிடித்துக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். வீட்டில் மாடிப்படி இருந்தால், தடியின் நாலு காலும் படிக்குள் அடங்குமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

மூன்றிலும் அதிகத் தாங்கல் தருவது வாக்கர்தான். அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கும், இரண்டு காலும் பலமிழந்தவர்களுக்கும் அதற்கு ஈடில்லை. முதலில் வாக்கர், பிறகு வலிக்கிற கால், பிறகு நல்ல கால். கட்டிலிலிருந்து எழும்போது வாக்கரைப் பிடித்து இழுக்கவே கூடாது, அது நம் மேலேயே சாய்ந்துவிடும். கட்டிலையோ நாற்காலிக் கையையோ அழுத்தி எழுந்து நின்றபிறகே வாக்கரைப் பிடிக்க வேண்டும். முன்கம்பியில் கனமான கூடையை மாட்டினாலும் முன்பக்கம் கவிழும். பழைய வீடுகளின் உயரமான நிலைப்படி ஒவ்வொன்றும் அதற்கு ஒரு தடை. மாடிப்படியில் வாக்கர் வேண்டவே வேண்டாம்.

முன்னால் இரண்டு சக்கரம் வைத்தது, தூக்கி வைக்கத் தெம்பில்லாதவர்களுக்கு நல்லது. நாலு சக்கரமும் பிரேக்கும் வைத்தது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதன் மேல் முழு பாரத்தையும் போட்டால் உருண்டு ஓடிவிடும். பிரேக்கைச் சட்டென்று பிடிக்கும் கையும் நிதானமும் உள்ளவருக்கு மட்டும்தான் அது சரி.

எங்கள் வீட்டு முடிவு: பகலில் கைத்தடி, இரவில் கட்டிலோரம் வாக்கர். குளியலறையில் சுவரில் துளையிட்டு எஃகுக் கைப்பிடி பதித்தோம். உறிஞ்சி ஒட்டும் வகைக் கைப்பிடியை நான் வாங்கவில்லை, ஈரத்தில் எப்போது பிடி விடும் என்று சொல்ல முடியாது. அம்மாவைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும்பாடு. “தடி பிடிச்சா கிழவின்னு முத்திரை குத்திடுவாங்கடா” என்றார். கோயிலுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஆரம்பித்தோம். பிரகாரத்தை உட்காராமல் ஒரு சுற்று வந்ததும் அவரே பேச்சை விட்டுவிட்டார்.

எழுந்ததும் கண் இருட்டித் தள்ளாடினால் எந்தத் தடி வாங்கியும் பயனில்லை. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 புள்ளி குறைந்தாலே அது கவனிக்க வேண்டிய விஷயம். படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பணம் இல்லை என்று தள்ளிப்போடவும் வேண்டாம். 2017-இல் தொடங்கிய மத்திய அரசின் ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டத்தில், 60 வயது நிரம்பி வறுமைக்கோட்டுக்குக் கீழோ, மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள்ளோ இருப்பவர்களுக்குக் கைத்தடி, நாலுகால் தடி, வாக்கர் போன்றவை இலவசம். கான்பூரில் இருக்கும் அலிம்கோ என்ற அரசு நிறுவனம் முகாம் நடத்திக் கொடுக்கிறது. விவரம் கேட்க முதியோர் உதவி எண் 14567. முகாமில் வாங்கினாலும் மணிக்கட்டு அளவைப் பார்த்தே வாங்குங்கள்.

கடையில் வாங்கினால் பில் கட்டாயம். வாக்கர் என்றால் குளியலறைக் கதவின் அகலத்தை அளந்துகொண்டு போய், மிகக் குறுகலான கதவில் அது நுழையுமா என்று பாருங்கள். அளவு சேரவில்லை என்பது பொருளின் குறையாகாது, அதற்குக் கடைக்காரர் மனது வைத்தால்தான் உண்டு. ஆனால் பட்டன் நிற்கவில்லை, பற்றவைத்த இடம் விட்டுவிட்டது என்றால் அது குறைபாடு. “விற்ற பொருள் வாபஸ் இல்லை” என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் சரி. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமும் இல்லை.